அடக்கி வாசிச்ச காலமும் அதுக்கு நான் வச்ச பேரும்

பத்திரிகை வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்து மொழிபெயர்ப்பு பண்ண ஆரம்பிச்ச புதுசு. ஒரு இங்கிலீஷ் அறிக்கை வந்துச்சு, பத்திரிகைக்காரங்க நிலைமை பத்தி, அதுல செல்ஃப் சென்சார்ஷிப், அதாவது பயந்துபோய் அவங்க எழுத்த அவங்களே வெட்டிக்கிறது, கூடிட்டே வருதுன்னு ஒரு வரி. ராத்திரி பதினோரு மணி, தூக்கக் கலக்கம், 'பத்திரிகையாளர்களிடம் சுயகட்டுப்பாடு அதிகரித்து வருகிறது'ன்னு தட்டி அனுப்பிட்டு படுத்துட்டேன். காலைல அத சரிபாக்குற மேடம் போன் பண்ணாங்க. "சார், அவங்க கவலைப்பட்டு எழுதியிருக்காங்க, நீங்க பாராட்டுப் பத்திரம் வாசிச்சிருக்கீங்களே."

சிரிச்சு மழுப்பிட்டு 'சுயதணிக்கை'ன்னு மாத்திக் குடுத்துட்டேன். ஆனா அன்னிக்குப் பூரா அது உறுத்திட்டே இருந்துச்சு. ஏன்னா அது தூக்கக் கலக்கத்துல வந்த தப்பு இல்ல. பதினஞ்சு வருஷம் மதுரைல ஒரு நாளிதழ் டெஸ்க்ல உக்காந்து நான் பண்ணினதே அந்த மொழிபெயர்ப்பு தான், பயந்து விழுங்கினதுக்கெல்லாம் கட்டுப்பாடுன்னு கௌரவமா ஒரு பேர் வச்சு நானே எனக்கு சர்டிபிகேட் குடுத்துக்கிட்டது.

நம்ம மொழில வாய மூடிட்டு இருக்குறதுக்கு எத்தனை நல்ல பேர் இருக்குன்னு பாருங்க. அடக்கம், நாவடக்கம், தன்னடக்கம், பொறுமை, நிதானம், பக்குவம், நாகரிகம், கண்ணியம், கட்டுப்பாடு. எங்க அம்மா ஊர்ப்பக்கம் 'சூதானம்'பாங்க. இதுல எதையும் கெட்ட வார்த்தைன்னு சொல்ல முடியாது. 'தணிக்கை'ன்னு சொன்னா மட்டும் ஆபீசு வாடை வந்துரும், அதுவும் இங்க தமிழ்நாட்டுல பாதிப் பேருக்கு ஆடிட் தான் ஞாபகம் வரும், உள்ளாட்சி நிதித் தணிக்கை, கூட்டுறவுத் தணிக்கைன்னு போர்டே இருக்கு (இலங்கைல இந்தக் குழப்பம் இல்ல, அங்க ஆடிட்டுக்குக் கணக்காய்வுன்னு தனியா வச்சிருக்காங்க). அதனால 'சுயதணிக்கை'ங்கிறது அகராதில இருக்கு, பேச்சுல இல்ல. பேச்சுல இருக்குறது 'அடக்கி வாசி'.

அந்த வார்த்தைய எனக்கு அறிமுகப்படுத்தினது எங்க தலைமை உதவி ஆசிரியர், திருநெல்வேலிக்காரர், எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. நான் 2004ல சேர்ந்தப்பவே அவருக்கு அம்பது வயசு. ஏதாச்சும் கொஞ்சம் சூடா எழுதிட்டுப் போனா கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, "தம்பி, நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் அடக்கி வாசிப்போமா"ம்பார். மேளக்காரங்க பாஷை அது, கல்யாண வீட்ல பேசுறது காதுல விழட்டும்னு வாசிப்பக் கொறைக்கச் சொல்றது. வாசிக்காதன்னு சொல்றதே இல்ல பாருங்க. அதான் அதோட சூட்சுமம்.

அண்ணாச்சி எமர்ஜென்சில பயிற்சி உதவி ஆசிரியரா இருந்தவர். நைட் ஷிப்ட்ல டீ குடிக்கிறப்ப அந்தக் கதையச் சொல்லுவார். 1975 ஜூன்ல எமர்ஜென்சி வந்தாலும், 1976 ஜனவரி 31ந் தேதி இங்க ஆட்சியக் கலைச்சதுக்கு அப்புறம் தான் கெடுபிடி முழுசா தெரிஞ்சுதாம். புரூஃப் எடுத்துக்கிட்டு தணிக்கை அதிகாரிகிட்ட சைக்கிள்ல போகணும், அவர் பேனாவால கோடு போட்டுக் குடுப்பார், திரும்பி வந்து அந்த இடத்த நிரப்பணும். "மொதல்ல ஒரு மாசம் அவரு வெட்டுனாரு. அடுத்த மாசம் பாதிய நாங்களே வெட்டிட்டுப் போனோம். மூணாவது மாசம் அவருக்கு வெட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு. எமர்ஜென்சி 77ல முடிஞ்சுட்டு தம்பி, அந்தப் பேனா மட்டும் எங்கிட்டயே நின்னுபோச்சு"ன்னு சொல்லி சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்பப் புரியல.

அவரே இன்னொண்ணும் சொல்லுவார், அதச் சொல்றப்ப மட்டும் குரல் மாறும். 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். திமுக ஆளுங்கள மிசால (விசாரணை இல்லாம உள்ள வைக்கிற சட்டம்) தூக்கிட்டுப் போய்ட்டாங்க, யார் யாரப் புடிச்சாங்கன்னு பேப்பர்ல போட முடியாது. திமுக பத்திரிகை முரசொலில என்ன பண்ணாங்கன்னா, அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர முடியாதவங்கன்னு ஒரு பட்டியல் போட்டாங்க. அவ்ளோதான். படிச்சவனுக்குப் புரிஞ்சிருச்சு, கைதுங்கிற வார்த்தையே இல்ல. இந்தியன் எக்ஸ்பிரஸ் 1975 ஜூன் 28ந் தேதி தலையங்க இடத்த வெள்ளையா விட்டதும் அதே ஜாதி தான். வெட்டினத மறைக்காம, இங்க ஒண்ணு வெட்டுப்பட்டிருக்குன்னு படிக்கிறவனுக்குக் காட்டிட்டாங்க. நாங்க பண்ணினது அதுல சேராது, நாங்க தழும்பு தெரியாம தச்சோம்.

என் கதைக்கு வர்றேன். ஒரு நாள் சாயங்காலம் ஆபீசுக்கு ஒரு இட்லிக்கடை அக்கா வந்தாங்க. நகைச்சீட்டு, மாசம் 2,000, பதினோரு மாசம் கட்டிட்டாங்க, மொத்தம் 22,000 ரூபா. நகை கேட்டுப் போனா இந்த வாரம் வா, அடுத்த வாரம் வான்னு ரெண்டு மாசமா அலைக்கழிக்கிறாங்களாம். அட்டையக் காட்டினாங்க, எல்லா மாசமும் சீல் இருக்கு. அவங்க தெருவுலயே இன்னும் ஆறு பேர் இருக்காங்கன்னாங்க. அந்தக் கடை எங்களுக்கு வாரத்துக்கு ஒரு முழுப்பக்க விளம்பரம் குடுத்துட்டு இருந்துச்சு. இங்க தான் முக்கியமான விஷயம்: யாரும் என்கிட்ட எதுவும் சொல்லல. விளம்பரப் பிரிவுல இருந்து போன் வரல, ஆசிரியர் கூப்பிடல, அண்ணாச்சி அன்னிக்கு லீவு. நானே, எனக்கு நானே, "ஆதாரம் பத்தாதுக்கா, போலீஸ்ல ஒரு புகார் குடுத்துட்டு அந்த ரசீதோட வாங்க"ன்னு சொல்லி அனுப்பினேன். தண்ணி குடிக்கிறீங்களாக்கான்னு வேற கேட்டேன். அவங்க திரும்ப வரல. ஏழெட்டு மாசம் கழிச்சு அந்தக் கடை ஷட்டர் இறங்கி, வாசல்ல கூட்டம் கூடி, போலீஸ் வந்து, அப்புறம் எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு, எங்க பேப்பர்லயும் தான், நல்லா பெருசா. அந்தச் செய்திக்குத் தலைப்பு வச்சது நான்.

அன்னிக்கு அவங்கள அனுப்பினப்ப மனசுல என்ன ஓடுச்சுன்னு யோசிச்சுப் பாத்தா, பயம்னு ஓடல. 'பொறுப்பா இருக்கணும், ஒருத்தர் தொழில ஒரு வார்த்தைல கெடுத்துடக் கூடாது'ன்னு தான் ஓடுச்சு. நல்ல எண்ணம் தானே! அதே பொறுப்பு, விளம்பரம் குடுக்காத ஒரு பாத்திரக்கடை பத்திப் புகார் வந்தப்ப எனக்கு வரல, மறுநாளே போட்டேன்.

அதுக்கப்புறம் தான் ஒரு பழக்கம் ஆரம்பிச்சேன், இன்னிக்கும் விடல. ஒரு சின்ன நோட்டு. எதையாச்சும் எழுதாம விட்டா, எழுதினத அழிச்சா, அதுல ஒரு வரி. என்ன வெட்டினேன், இத வெட்டுறதால யார் தப்பிக்கிறாங்க. ரெண்டே விஷயம். அந்த நேரத்துல தோணுற காரணத்த எழுதாதீங்க, காரணம் எப்பவும் அழகாத்தான் இருக்கும். யார் தப்பிக்கிறாங்கன்னு மட்டும் எழுதுங்க. ஒரு மாசம் கழிச்சு மொத்தமா படிச்சா வயித்தக் கலக்கும்.

என் நோட்டுல மொத மாசம் முப்பது முப்பத்தஞ்சு வரி இருந்துச்சு. அதுல ஒரு பகுதி சரியான வெட்டு. பாலியல் வழக்குல ஒரு குழந்தையோட ஸ்கூல் பேரையும் தெருவையும் எடுத்தது: 2012 போக்சோ சட்டமே அடையாளம் தெரியக் கூடாதுங்குது, சட்டம் இல்லன்னாலும் எடுத்திருப்பேன். தற்கொலைச் செய்தில எப்படிப் பண்ணாங்கங்கிறத எடுத்தது: படிக்கிற இன்னொருத்தர் மனநிலை நமக்குத் தெரியாது, பிரஸ் கவுன்சிலும் 2019ல இதுக்குன்னே நெறிமுறை குடுத்துச்சு. இதுக்குத்தான் கட்டுப்பாடுன்னு பேர். இதெல்லாம் வெட்டினா தப்பிக்கிறது நம்மள விட வலு கம்மியான ஆளு. இன்னொரு பகுதில தப்பிச்சது கவுன்சிலர், கடை முதலாளி, காலேஜ் தாளாளர், ஒரு தடவ எங்க அப்பார்ட்மென்ட் சங்கச் செயலாளர் (லிப்ட் காசு விவகாரம், அது தனிக் கதை). எழுதுறப்ப கைக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே தான் இருந்துச்சு, நோட்டுல தான் வேறயாத் தெரிஞ்சுது.

மூணாவதா ஒரு ரகம் இருந்துச்சு, எதுல சேக்குறதுன்னே தெரியாம. சாதி மோதல் செய்தி. தென்மாவட்டத்துல வேல பாத்தவங்களுக்குத் தெரியும், 'இரு பிரிவினரிடையே மோதல்'னு தான் எழுதுவோம். இதுக்கு நியாயமான காரணம் இருக்கு, பேரப் போட்டா பக்கத்து ஊர்லயும் பத்திக்கும், உயிர் போகும், அதெல்லாம் கண்ணால பாத்திருக்கேன். ஆனா ஒரு தடவ கோயில் திருவிழாவுல ஒரு பையன அடிச்சது பத்தி இப்படி எழுதி, மறுநாள் ஒரு பெரியவர் போன் பண்ணார், கோவமே இல்லாத குரல்: "சார், அடிச்சவனும் இல்ல, அடிவாங்குனவனும் இல்ல, மழை பேஞ்ச மாதிரில்ல எழுதியிருக்கீங்க." போன வச்சுட்டு அந்தச் செய்திய எடுத்து திரும்பப் படிச்சேன். தகராறு ஏற்பட்டது, தாக்கப்பட்டார், கூறப்படுகிறது, பதற்றம் நிலவுகிறது. ஆறு வரில ஒரு ஆள் கூட எதுவும் பண்ணல, எல்லாம் தானா நடந்திருக்கு.

அதுல இருந்து ஒண்ணு கத்துக்கிட்டேன், எழுதுற யாருக்கும் இது உதவும். எழுதி முடிச்சதும் 'பட்டது, பட்டார், ஏற்பட்டது'ன்னு எத்தனை இருக்குன்னு தேடிப் பாருங்க. செயப்பாட்டு வினை தப்பில்ல, பள்ளிக்கூடம் கட்டப்பட்டதுன்னு எழுதினா ஒண்ணும் குடி முழுகாது. ஆனா நாம பயந்த இடத்துல தான் அது கூட்டமா வந்து உக்காந்திருக்கும். செஞ்சவன் யாருன்னு எழுத முடியலன்னா வேற வழி தேடலாம். அந்தத் திருவிழா மாதிரிச் செய்தில நான் அப்புறமா பண்ணினது, எந்தச் சட்டத்துல வழக்குப் போட்டிருக்காங்கன்னு எழுதுறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களப் பாதுகாக்குற 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல வழக்குன்னு ஒரு வரி சேத்தா, யார் யாரை அடிச்சாங்கங்கிறது படிக்கிறவங்களுக்கு விளங்கிரும், நான் ஒரு சாதிப் பேரும் எழுத வேண்டியதில்ல, எப்ஐஆர்ல இருக்குறத தாண்டியும் போகல.

இந்த மாதிரி மறைச்சுச் சொல்றத நம்ம இலக்கணத்துலயே பாடமா வச்சிருக்காங்க, இடக்கரடக்கல்னு. கால் கழுவி வந்தான், குழந்தை வெளிய போயிருச்சுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. நாலு பேர் முன்னாடி சொல்லக் கூசுறத வேற வார்த்தைல சொல்றது. நல்ல ஏற்பாடு, ஆனா அதுல விஷயம் தெரியாமப் போகாது, குழந்தை என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் புரியும். நாங்க டெஸ்க்ல பண்ணினதுல விஷயமே தொலஞ்சுச்சு. 'அடக்கம்'ங்கிற வார்த்தைக்கு பணிவும் அர்த்தம், புதைக்கிறதும் அர்த்தம்ங்கிறது இரங்கல் செய்தி எழுதுறவனுக்குத் தினமும் கண்ணுல படுற விஷயம், எனக்குத் தான் லேட்டா உறைச்சுச்சு.

சட்டத்துக்குப் பயப்படுறது வேற விஷயம், அத லேசா எடுத்துக்காதீங்க. அவதூறு இங்க இன்னும் கிரிமினல் குத்தம், 2016 மே மாசம் உச்ச நீதிமன்றமே அது செல்லும்னு சொல்லிருச்சு. தமிழ்நாட்டுல அரசு தரப்புல பத்திரிகைகள் மேல வரிசையா அவதூறு வழக்குப் போட்ட காலம் இருந்துச்சு, 2020 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட வழக்குகள் ஒரு கட்டாத் தள்ளுபடி பண்ணுச்சு, ஆனா அதுக்குள்ள வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சவங்கள எனக்குத் தெரியும். அதனால என் அனுபவத்துல சொல்றது, தகவல வெட்டாதீங்க, அடைமொழிய வெட்டுங்க. 'பகல் கொள்ளை'ன்னு எழுதினா நோட்டீஸ் வரும், '22,000 கட்டியவருக்கு இரண்டு மாதமாக நகை தரப்படவில்லை, கடை நிர்வாகத்திடம் கேட்டபோது பதில் இல்லை'ன்னு எழுதி, கேட்ட தேதியும் கேட்ட மெயிலும் கைல வச்சிருந்தா தைரியமாத் தூங்கலாம். அந்த இட்லிக்கடை அக்காவுக்கு நான் பண்ணியிருக்க வேண்டியது இவ்ளோதான். பயமா இருந்தா வக்கீல் ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் பேசுங்க, முக்கால்வாசி பயம் சட்டத்துல இல்ல, நம்ம கற்பனைல தான் இருக்கும். மிச்சம் கால்வாசி உண்மையான பயம், அத மதிக்கணும்.

பயந்தது கேவலம்னு நான் சொல்லல. வாடகை, ரெண்டு பிள்ளைங்க ஃபீஸ், அப்பாவுக்கு மாத்திரை, யாருக்குத் தான் இல்ல. எனக்குப் பயமா இருக்கு, அதனால எழுதலன்னு நோட்டுல எழுதி வச்சா அது ஒரு கணக்கு, பின்னாடி என்னிக்காச்சும் தீத்துக்கலாம். பக்குவம்னு எழுதி வச்சா அந்தக் கணக்கே மூடிருது. பெருமாள்முருகன் விஷயத்துல எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்துல தான். அவரோட 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரில நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்துல அமைதிப் பேச்சுவார்த்தைன்னு நடந்ததுக்கு அப்புறம், எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துட்டான்னு ஃபேஸ்புக்ல எழுதிட்டுப் போனார். 2016 ஜூலைல உயர் நீதிமன்றம் எழுதுன்னு தீர்ப்பு சொல்லி, அவரும் திரும்ப வந்தார். அப்ப அவர் நான் ஜெயிச்சுட்டேன்னு சொல்லல, எனக்குள்ள ஒரு தணிக்கை அதிகாரி வந்து உக்காந்திருக்கான்னு வெளிப்படையாவே சொன்னார். அந்தச் சமயத்துல வந்த கவிதைத் தொகுப்புக்கு வச்ச தலைப்பே 'கோழையின் பாடல்கள்'. எனக்கு நோட்டுல எழுதவே கை கூசின வார்த்தைய அவர் அட்டைல போட்டிருந்தார்.

உடனே யாராச்சும் 'யாகாவாராயினும் நாகாக்க'ம்பாங்க. சரி தான், 127வது குறள். அதே புத்தகத்துல கொஞ்சம் தள்ளி 448க்குப் போங்க, தப்பப் பாத்து இடிச்சுச் சொல்ல ஆளில்லாத ராஜா, கெடுக்குறதுக்கு ஆளே இல்லன்னாலும் கெட்டுப் போவான்னு இருக்கு. ஊர்ல மொதக் குறள பஸ்ல எழுதிப் போடுறாங்க, ரெண்டாவத நான் எந்த ஆபீஸ் சுவத்துலயும் பாக்கல.

அதுக்காக எல்லாத்தையும் கொட்டிடணும்னு இல்ல, அதுலயும் அடிபட்டிருக்கேன். சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல ராத்திரி ஒரு மணிக்கு மாமா போட்ட ஃபார்வர்டுக்கு, பொய்ச் செய்தின்னு சொல்றதோட நிறுத்தாம, அவர் ரிட்டயர்மென்ட் காச எப்படித் தொலைச்சார்ங்கிறது வரைக்கும் போய்ட்டேன். உண்மை தான், ஆதாரமும் இருக்கு! ரெண்டு வருஷம் பேசல அவர். நோட்டுல இதத் தலைகீழா எழுதினேன், வெட்டியிருக்க வேண்டியது, யார் தப்பிச்சிருப்பாங்க: மாமா, அறுபத்தெட்டு வயசு, சுகர். இப்ப ராத்திரி பத்து மணிக்கு மேல தட்டுறது எதுவா இருந்தாலும் காலைல தான் அனுப்புறேன், காலைல பாத்தா பாதி எனக்கே சப்புன்னு இருக்கும்.

இந்த நோட்டுக் கதையெல்லாம் போன பொங்கலுக்கு அக்காகிட்ட பெருமையாச் சொல்லிட்டு இருந்தேன். யார் தப்பிக்கிறாங்கன்னு பாக்கணும்க்கா, எளியவங்க தப்பிச்சா அடக்கம், வலியவங்க தப்பிச்சா பயம்னு. அவ கரும்பு வெட்டிட்டே கேட்டுட்டு இருந்தா. எங்க அக்காவ எங்க வீட்ல எல்லாரும் பொறுமைசாலிம்பாங்க. பொண்ணு பாக்க வந்தப்பவே 'அடக்கமான பொண்ணு'ன்னு தான் பேச்சு, ஆம்பளைய அடக்கமானவர்னு சொன்னா பெரிய ஆளாகியும் ஆடாதவர்னு அர்த்தம், பொம்பளையச் சொன்னா எதுத்துப் பேசமாட்டாங்கிறது மட்டும் தான் அர்த்தம். கல்யாணம் ஆகி நாலு வருஷம் மாமியார் வீட்ல என்ன நடந்துச்சுன்னு அவ எங்க யார்கிட்டயும் சொல்லல. ஐந்தாவது வருஷம் தான் பொட்டியோட வந்து நின்னா.

"அப்பாவுக்கு அப்பத்தான்டா மொத அட்டாக் வந்திருந்துச்சு"ன்னா. "நான் வாயத் தொறக்காம இருந்ததுல அப்பாவும் தப்பிச்சாரு, அவனும் தப்பிச்சான். உன் நோட்டுல அத எந்தப் பக்கம் எழுதுவ?"

எனக்குப் பதில் வரல. அவ கரும்புத் துண்டு ஒண்ண என் கைல குடுத்துட்டு, "தின்னு"ன்னுட்டு அடுத்த கரும்ப எடுத்தா.